சிவப்பு வளையம் போட்ட கோப்பை

நம்ம பழைய தோட்டத்து லயத்து ஆட்களே, முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் டவுன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு ஆள் தெர்மாமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார் என்றும், அவருடைய ஒரு காலில் செருப்பு இல்லை என்றும் உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆள் நான்தான். ஆனால் செருப்பு இரண்டு காலிலும் இருந்தது. ஜோடிதான் வேறு வேறு.

மகளுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை நல்லபடி பிறந்து, மறுநாள் டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அன்று காலையில் பார்த்தால் அவளுக்கு உடம்பு சுடுகிறது. எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறு கலங்கும், பிறகு கால் ஓடும், மூளைக்குத் தகவல் போய்ச் சேருவது எல்லாவற்றுக்கும் கடைசி. வார்டு வாசலில் நின்ற நர்ஸ் பிள்ளையிடம், "இவளுக்குப் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல், கிருமி போயிருச்சு, உடனே ஊசி போடுங்க" என்று நானே டாக்டர் மாதிரி உத்தரவு போட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "அங்கிள், டாக்டர் பாத்துட்டுப் போயிட்டாங்க. இரத்தமும் எடுத்தாச்சு. பால் கட்டினதால வந்த சூடுன்னுதான் சொல்றாங்க. நீங்க கீழ போய் ஒரு டீ குடிங்க" என்றது.

"பால் காய்ச்சல்னா சொல்றீங்க? அப்படித்தான் அன்னைக்கும் சொன்னாங்க!" என்று நான் கத்தியதைக் கேட்டு, பக்கத்துக் கட்டிலில் உறங்கிய குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தது. என் மனைவி வந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "பிள்ள பெத்தது அவ. நோவு உங்களுக்கா? போய் உக்காருங்க அந்த வாங்குல."

உட்கார்ந்தேன். கதவு இடுக்கு வழியாக மகளின் கட்டில் தெரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் அவளுடைய சில்வர் கோப்பை இருந்தது. அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பையில் வளையம் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

என்ன வளையம் என்று மனைவி கேட்டாள். அவளுக்குச் சொல்லத் தொடங்கியதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். சிலது உங்களுக்கே தெரியும். தெரிந்ததையும் கேளுங்கள். எனக்கு அதைச் சொல்ல ஆசையாக இருக்கிறது.

*

மேல் டிவிசனில் கிழட்டு ரப்பர் மரங்களைப் பிடுங்கிப் புதுக்கன்று நட்ட வருஷம் ஞாபகம் இருக்கிறதா? குருவிட்டப் பக்கத்து மழை வருவதற்கு முன்பு வேலை முடிய வேண்டும் என்று தொரை அவசரப்பட்டார். அப்பா பால் வெட்டுகிறவர். எந்த மரத்தில் பால் வற்றிப்போயிற்று, எது இன்னும் இரண்டு வருஷம் தாங்கும் என்று பட்டையைத் தட்டிப் பார்த்தே சொல்வார். அதனால் அவர் கையில் ஒரு சிவப்புப் பெயின்ட் டின்னையும் தூரிகையையும் கொடுத்து, போக வேண்டிய மரத்துக்கெல்லாம் குறி போடச் சொன்னார்கள்.

பள்ளிக்கூடம் லீவு. டின் தூக்குகிற உத்தியோகம் எனக்கு. அப்பா மரத்தை அணைப்பது போலக் கையைச் சுற்றி, நெஞ்சு உயரத்தில் ஒரு வளையம் இழுப்பார். அடுத்த மரம். வெயில் ஏற ஏற மேலே ரப்பர்க் காய்கள் பட் பட்டென்று வெடித்துக் கொட்டை தெறிக்கும். அந்தக் கொட்டையைக் கல்லில் தேய்த்து, முன்னால் நிற்பவனின் தொடையில் வைத்துச் சூடு காட்டுவோமே, அந்தத் தழும்பு உங்களில் யாருக்காவது இன்னும் இருந்தால் என்னை மன்னிக்க வேண்டாம். நீங்களும் எனக்கு வைத்திருக்கிறீர்கள்.

வளையம் விழுந்த மரத்தை அடுத்த மாதம் அந்த இடத்தில் தேடக் கூடாது. வேரோடு போயிருக்கும். ஒருநாள் கேட்டேன், "அப்பா, குறி போட்டது மரத்துக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்ன, ஓடவா போவுது? நடடா."

டின்னில் மிச்சமிருந்த பெயின்டை வீணாக்கக் கூடாது என்று, லயத்துக் கறுப்பு நாயின் வாலில் நான் ஒரு வளையம் போட்டேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிரித்தீர்கள். அடுத்த வாரம் அந்த நாய் தோட்டத்து லொறிச் சக்கரத்தில் விழுந்து செத்தது. நீங்கள் அதை மறந்துவிட்டு விளையாடப் போனீர்கள். நான் மறக்கவில்லை.

*

அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். லொறி வந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போவதற்குள், மழை கொட்டிய ஒரு மத்தியானத்தில், தங்கச்சி எங்கள் லயத்துக் காம்பராவிலேயே, அந்த ஒற்றை அறையிலேயே பிறந்துவிட்டாள். பிள்ளையை எடுத்தது அத்தை, அப்பாவின் அக்கா. தோட்டத்து மிட்வைப் அம்மா நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் பிள்ளையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், "எதுக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அத்தை சிரித்தது. "நல்லாத்தானேம்மா பெத்திருக்கா. நாங்க பாத்துக்கிறோம்." மிட்வைப் அம்மாவுக்கு இன்னும் இரண்டு தோட்டம் போக வேண்டியிருந்தது. திரும்ப வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார்.

பிறகு நம் வழக்கப்படி எல்லாம் நடந்தது. காம்பராவின் பின்பாதியைச் சேலை கட்டி மறைத்தார்கள். வாசலில் வேப்பிலை. உள்ளே பாய், பாய்க்குப் பக்கத்தில் நெருப்புச் சட்டி, சட்டியில் எந்நேரமும் சாம்பிராணியும் பூண்டுத் தோலும். காற்றுப் படக் கூடாதென்று யன்னல் சாத்தியிருந்தது. தீட்டு. அதனால் அம்மாவின் தட்டும் கோப்பையும் வெளியே, கூரை இறவாணத்துக்குக் கீழே, ஒரு பலகையில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அந்தக் கோப்பையைக் கொண்டுபோய் அங்கே வைத்தது அப்பாதான். நீல எனாமல் கோப்பை, விளிம்பில் ஒரு இடம் உடைந்து கறுத்திருக்கும். அத்தை அதில் படாமல் உயரத்திலிருந்து டீ ஊற்றும். ஊற்றிவிட்டுச் சேலைக்குக் கீழால் உள்ளே தள்ளும்.

எனக்கு உள்ளே போக அனுமதியில்லை. சேலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வேன். அம்மா அந்தப் பக்கமிருந்து பேசுவாள்.

"டேய், ஒன் தங்கச்சிக்கு ஒன் மூக்குத்தான்டா."

"நல்லாருக்கா?"

"பாவம், பொம்பளப்புள்ள. எங்க கொண்டுபோய்க் கட்டிக் குடுக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன்."

என் வாய்த்துடுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்களே, அந்தச் சேலைக்குப் பின்னாலிருந்துதான் வந்தது.

ஒருநாள் காலையில் நான் போய் உட்கார்ந்தேன். அம்மா பேசவில்லை. என் மூக்கைப் பற்றி நானே எடுத்துக் கொடுத்தேன்.  பாய் சரசரவென்று சத்தம் போட்டது. அவள் நடுங்கிய நடுக்கத்தில் பாய் அப்படிச் சத்தம் போட்டது என்று எனக்கு அப்போது தெரியாது. "பால் காய்ச்சல், எல்லாருக்கும் வாறதுதான்" என்றது அத்தை. சாம்பிராணியை இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டது. அப்பா வாசலில் நின்று, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் சேலையைத் தாண்டிப் போகவில்லை. போகிற வழக்கமில்லை. அடுத்த நாள் அம்மா ஏதோ பேசினாள். சந்தோஷமாகக் கிட்டப் போனேன். ஆட்டுப் பால் கறக்க நேரமாயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களிடம் ஆடே கிடையாது.

  

மிட்வைப் அம்மா அன்றுதான் திரும்ப வந்தார். உள்ளே கால் வைத்ததும் இருமினார்.

"யாரு இந்தப் பொகையப் போட்டது? தூக்கி வெளிய வைங்க."

"பொகைய எடுத்தா காத்துப் பட்டுரும்மா" என்றது அத்தை.

"படட்டும். எனக்கு மணம் தெரியணும்."

சட்டி வெளியே வந்தது. யன்னலையும் அவரே திறந்தார். புகை போகும்வரைக்கும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். புகை கலைந்ததும் வந்த நாற்றத்தை நான் எழுதப்போவதில்லை. வீடு முழுக்கச் சாமி கும்பிடுகிற வாசம் போட்டு நாங்கள் எதை மூடி வைத்திருந்தோம் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவர் அம்மாவின் அடிவயிற்றில் மெல்லக் கை வைத்தார். அம்மா போட்ட சத்தம் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்டது.

"இது பால் காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கர்ப்பப்பைக்குள்ள கிருமி போயிருச்சு. லொறியக் கூப்பிடுங்க."

நாலு பெண்கள் அம்மாவைச் சாக்குப் படங்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். ரப்பர் பால் ஏற்றுகிற லொறி, உள்ளே மருந்துத் தண்ணியும் புளித்த பாலும் மணத்தது. அப்பா முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினார். மிட்வைப் அம்மா தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறும்போது அப்பாவுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "மருந்து முழுசா முடியணும். பாதியில கூட்டிக்கிட்டு வந்தீங்கன்னா அப்புறம் என்னையக் கூப்பிடாதீங்க. பெட்டி அடிக்கிறவனக் கூப்பிடுங்க."

*

அம்மா இல்லாத காம்பராவில் சேலை மட்டும் கட்டியபடியே இருந்தது. நான் அந்தப் பக்கம் போய்ப் பாயில் படுத்துக்கொண்டேன். அத்தை ஏசவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. அத்தை ஏசாமலிருக்கிறது என்றால் உலகம் முடியப்போகிறது என்றுதானே அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்பதால் எனக்குக் காற்சட்டைக்குப் பதில் அவருடைய சாரத்தை மடித்துக் கட்டிவிட்டார். பெரிய மனுஷன் மாதிரி நடக்க வேண்டும் என்றார். சாரம் தடுக்கி வாசல்படியிலேயே விழுந்தேன். வாசல்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

அம்மா தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு தனி அறையில் இருந்தாள். கையில் சேலைன் குழாய். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தார்கள். அவள் வழுக்கிக் கீழே வந்துவிடுவாள் போலிருந்தது. "உள்ள இருக்கிற கெட்டது கீழ எறங்கி வெளிய வரணுமாம், அதுக்காக" என்று அப்பா கிசுகிசுத்தார். அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், சாரத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டது ஒரு சிங்கள நர்ஸ் மிஸ். ஆள் கட்டை, குரல் மட்டும் ரப்பர் ஸ்டோரில் வேலைக்கு ஊதுகிற சங்கு மாதிரி. உள்ளே வந்தால் கை கழுவுவார், அம்மாவைத் தொடுவார், திரும்பக் கை கழுவுவார். அவர் கை கழுவிய தண்ணியை ஓடையில் விட்டிருந்தால் நம் லயத்துக்குக் குழாயே தேவைப்பட்டிருக்காது. சுடுதண்ணி கொண்டுவந்து அம்மாவைத் துடைத்தார். துணி மாற்றினார். மாற்றிய துணியை வாளியில் போட்டு மூடி எரிக்கக் கொண்டுபோனார். பால் வற்றிப்போகக் கூடாதென்று நெஞ்சை அமுக்கிப் பாலை எடுத்துவிட்டார். ஒவ்வொரு தடவை வரும்போதும் "பொன்ன, பொன்ன, குடிங்க" என்று இரண்டு பாஷையிலும் சொல்லி எதையாவது குடிக்க வைத்தார்.

அப்பா தங்கச்சியைப் பார்க்கக் குழந்தைகள் அறைக்குப் போனார். மிஸ்ஸும் வெளியே போனார். அப்போதுதான் கட்டிலுக்குப் பக்கத்து மேசையைப் பார்த்தேன்.

எங்கள் நீல எனாமல் கோப்பை. வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அதன் வயிற்றைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம்.

தட்டிலும் வளையம். கட்டிலுக்குக் கீழே இருந்த பேசினிலும் வளையம்.

மேல் டிவிசன் மரங்கள் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. பின்னால் கறுப்பு நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. என் வயிறு என்ன செய்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அது அப்பாவின் சாரம் வேறு. அம்மாவுக்குக் குறி போட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் இந்த இடத்தில் தேடக் கூடாது.

நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. சாரத்து மடிப்பிலிருந்த ரப்பர்க் கொட்டையை எடுத்து ஓட்டால் சுரண்டினேன். கொஞ்சம் வந்தது. அவசரம் தாங்காமல் கோப்பையோடு கட்டிலுக்குக் கீழே பூந்து, பல்லைப் போட்டேன்.

"அனே! மொகத மே?"

என்ன இது என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு, என் காதைப் பிடித்து வெளியே எடுத்தது மிஸ். குழாயடிக்கு இழுத்துப் போய், முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு உரசினார். பிறகு வாயைத் திறக்கச் சொன்னார். அந்தச் சோப்பு ருசி இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது. ஆஸ்பத்திரிச் சோப்பு உலகத்திலேயே மிகக் கெட்ட பலகாரம்.

"ஏன் கடிச்ச?"

சிங்களத்தில் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். சிவப்பு வளையம் போட்டால் வெட்டிவிடுவார்கள். மரத்தை அப்படித்தான் வெட்டினார்கள். நாயும் செத்தது. நாய் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"வெட்ட இல்ல மல்லி" என்றார் தமிழில், தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில். மிச்சத்தைச் சிங்களத்தில் சொன்னார். இந்தத் தாழ்வாரம் முழுக்கப் புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மார். அம்மாவின் உடம்பிலுள்ள கிருமி அவர்கள் யாருக்கும் போய்விடக் கூடாது. கோப்பை மாறிவிடாமல் இருக்கத்தான் வளையம். "இப்ப நீ அழிச்சிட்ட. நான் திரும்பப் போடணும்." பெயின்ட் டின் தூரத்தில் இருந்தது போல. கைப்பைக்குள்ளிருந்து நகத்துக்குப் பூசுகிற சின்னக் குப்பியை எடுத்தார். "வேலையில எனக்கு நகத்துக்குப் பூச ஏலாது. ஒங்கம்மாட கோப்பையாவது பூசட்டும்."

நாக்கைக் கடித்துக்கொண்டு, மினுமினுக்கிற சிவப்பில் அவர் வளையத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்தார்.

*

அப்பா அதற்கு முன்பு அந்த வளையத்தைக் கவனித்திருக்கவில்லை. பார்த்ததும் அவர் முகம் மாறிய விதத்தை நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அப்பாவின் சிங்களம் நல்ல சிங்களம். அன்றைக்கு அதில் ஒரு பிழையும் இல்லை. "என் சம்சாரத்தின் கோப்பைக்கு எதற்கு மிஸ் குறி? அந்தப் பக்கம் இத்தனை பேர் இருக்கிறார்கள், யார் கோப்பையிலும் குறி இல்லை. தோட்டத்து ஆள் என்றால் குறி போட்டுத் தள்ளி வைப்பீர்களோ?"

அந்த வருஷங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். கலவரத்தில் யாருடைய கதவில் யார் கரியால் குறி போட்டார்கள் என்ற கதையெல்லாம் நம் லயங்களில் ஓயாமல் நடந்துகொண்டிருந்த காலம். மிஸ்ஸும் பதிலுக்குக் குரலை உயர்த்தினார். தன் சொந்த அக்கா வந்து படுத்தாலும் இதே வளையம்தான் போடுவேன் என்றார். அப்பா கேட்கவில்லை. அம்மாவின் துணிகளை எடுத்துப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தார்.

"எழும்பு புள்ள. வீட்டுக்குப் போவோம். அக்கா பாத்துக்கும்."

பெட்டி அடிக்கிறவனக் கூப்பிடுங்க. மிட்வைப் அம்மாவின் குரல் எனக்கு மட்டும் கேட்டது. அப்பாவின் கையைப் பிடித்துத் தொங்கினேன். உதறினார். சாரம் அவிழ்ந்தது. தாய் சாகக் கிடக்கிறாள், தகப்பன் சண்டை போடுகிறார், மகன் வெறும் சட்டையோடு நிற்கிறான். எங்கள் குடும்பத்தைப் படம் பிடிக்க அதைவிட நல்ல நேரம் அமைந்ததில்லை.

"அந்தக் கோப்பையக் கொண்டாங்க."

அம்மாவின் குரல். கண்ணைத் திறந்திருந்தாள். மிஸ் கோப்பையை அவள் கையில் கொடுத்தார். மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அழகாத்தானே போட்டிருக்காங்க."

"ஒனக்கு விளங்காது புள்ள. ஒன்னையத் தள்ளி வைக்கிறாங்க."

"நீங்களும் தள்ளித்தானே வச்சீங்க? எறவாணத்துல, பலகையில. நீங்கதானே கொண்டுபோய் வச்சீங்க?"

அப்பா பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவில்லை.

"வீட்டுலயும் எனக்குத் தனிக் கோப்பைதான், இங்கயும் தனிக் கோப்பைதான்" என்றாள் அம்மா. மூச்சு வாங்கிக்கொண்டாள். "அங்க தனிக் கோப்பை குடுத்தீங்க, யாரும் கிட்ட வரல. இந்தப் பொம்பள தனிக் கோப்பை குடுத்துட்டு என்னையத் தொட்டுக் கழுவுறா. நா வரல."

அப்பாவையும் அவர் கையிலிருந்த பையையும் பார்த்தாள்.

"நீங்க வேணும்னா அந்தப் பையக் கூட்டிட்டுப் போங்க. அதுக்குக் காய்ச்சல் இல்ல. இந்தப் பயலுக்கும் ஒரு துணியக் கட்டி விடுங்க, மிஸ்ஸு பயப்படப் போறாங்க."

அம்மா கேலி பேசினாள். சேலைக்குப் பின்னால் நின்றுபோன கேலி. இனி அவள் சாகமாட்டாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். டாக்டர்களுக்கு அந்த முடிவுக்கு வர இன்னும் சில நாட்கள் ஆயின.

மிஸ் கொத்தமல்லித் தண்ணி கொண்டுவந்து கோப்பையில் ஊற்றினார். அம்மாவின் தலையைத் தூக்கப் போனார். அப்பா பையைக் கீழே வைத்தார். "மிஸ், நான் புடிக்கவா?"

அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "அத ஹோதன்ன."

அப்பா சொன்னபடி குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். நகக்கண்ணில் பழைய பெயின்ட் இருந்தது. அதைப் போக்க வெகுநேரம் உரசிக்கொண்டு நின்றார். வந்து, அம்மாவின் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி, கோப்பையை அவள் வாயில் வைத்தார். கோப்பை ஆடியது. அம்மாவுக்குத்தான் நடுக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை காலம் கழித்து யோசித்தால், அம்மாவின் கை போர்வைக்குள் இருந்தது.

*

மருந்து முழுதாக முடிந்த பிறகு அம்மா வந்தாள். லொறியிலிருந்து அவளாகவே இறங்கினாள். தங்கச்சியை என் மடியில் வைத்தாள். மூக்கு என் மூக்குத்தான், பாவம்.

தீட்டு நாள் இன்னும் மிச்சமிருந்தது. அத்தை பையிலிருந்து கோப்பையை இரண்டு விரலால் எடுத்து இறவாணத்துப் பலகையில் கவிழ்த்தது. அப்பா எழுந்து வந்தார். பலகையிலிருந்து எடுத்தார். வெந்நீரில் கழுவினார். உள்ளே கொண்டுபோய், மற்றக் கோப்பைகள் தொங்குகிற ஆணிவரிசையில் மாட்டினார்.

"தம்பி, அது..."

"இருக்கட்டும்க்கா."

பலகையைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கதவாக அடித்தார்.

அந்தக் கோப்பை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. லயத்தை இடித்து, தனி வீடு கட்டிக் குடியேறிய சமயத்தில் சாமான் இரண்டு மூன்று கை மாறியது. அம்மா இருந்தவரைக்கும் யாரையும் அந்த வளையத்தைச் சாம்பல் போட்டுத் தேய்க்க விடவில்லை. கடைசியில் பிறை மாதிரி ஒரு துண்டுதான் மிஞ்சியிருந்தது, அதிலும் பாதி பெயின்ட், பாதி நகப்பூச்சு. இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மேல் டிவிசனில் ரப்பரும் இல்லை, எண்ணெய்ப்பனை நட்டுவிட்டார்கள். அதன் கீழே நின்று பார்த்தேன். ஒன்றும் வெடிக்கிற சத்தம் கேட்கவில்லை. அந்த மிஸ்ஸின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் வந்த ஆட்கள் நாங்கள்.

மகள் நன்றாக இருக்கிறாள். அவளுக்கு வந்தது உண்மையிலேயே பால் காய்ச்சல்தான். இரத்தமும் சுத்தமாக இருந்தது. நான் தெர்மாமீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் தாழ்வாரத்து வாங்கில் உட்கார்ந்து மனைவிக்கு இதைச் சொல்லிக்கொண்டு வந்தபோது, நான் இதுவரை சொல்லாத ஒன்று வாய்க்கு வந்தது. அப்பா அன்று அவமானத்தில் கொதித்தார் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லி வந்தேன். கொதித்தார்தான். ஆனால் அந்தப் பருவம் முழுக்க மரங்களுக்குச் சிவப்பு வளையம் போட்டது நான் இல்லையே, நான் டின் தூக்கியவன். போட்ட கை அவருடையது.

அம்மா திரும்பி வந்த பிறகு, மேட்டில் மிச்சமிருந்த மரங்களுக்குக் குறி போட வேண்டியிருந்தது. ஸ்டோரில் கணக்கப்பிள்ளை சிவப்பு டின்னை எடுத்து வைத்தார். அப்பா அதைத் தொடவில்லை.

"சுண்ணாம்பு குடுங்கய்யா."

"ஏன்டா, மழ வருதே. சுண்ணாம்பு கரைஞ்சு போயிருமே."

"கரைஞ்சா திரும்பப் பூசுறேங்க."

கரைந்தது. திரும்பப் பூசினோம். மறுபடியும் மழை, மறுபடியும் பூசினோம். டின்னுக்குப் பதில் வாளி, எனக்குக் கை கடுத்தது, சுண்ணாம்பு பட்டு விரல் வெந்தது. நான் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனேன். சிவப்பென்றால் ஒரே நாளில் முடிகிற வேலை. இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று நினைத்தேன்.

நனைந்துகொண்டு வீட்டுக்கு வருவோம். அம்மா தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள்.

"இன்னைக்கும் கரைஞ்சிருச்சா?"

"கரைஞ்சிருச்சு."

"சரி, நாளைக்குப் பூசலாம். டீ குடிங்க."

ஆணிவரிசையில் நாலைந்து கோப்பை தொங்கும். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, வளையம் போட்டதைத் தனக்கென்று எடுத்து, டீக்கு அம்மாவிடம் நீட்டுவார்.